கதிரூட்டலாம், அழுக்கை மூடக் கூடாது

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னதற்குக் காரணம் எத்திலீன் ஆக்சைடு. கிருமியைக் கொல்ல ஏற்றப்படும் இந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதே வேலையைக் கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்கள் அந்த நச்சு எச்சம் இல்லாமல் முடித்துவிடும். நவி மும்பை வாஷியில் மசாலாவுக்கென்றே கதிர்வீச்சு ஆலை 2000-லேயே வந்துவிட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில், சிறு, நடுத்தரத் தொழில் துறையில் மேலும் 50 ஆலைகளுக்கு நிதியுதவி அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம்.

கதிர் பட்ட உணவு தானும் கதிரை உமிழும் என்ற அச்சம் வீண். பொட்டலம் கோபால்ட்டைத் தொடுவதே இல்லை. 10 கிலோகிரே (உணவு ஏற்கும் கதிரின் அளவு) வரை கெடுதல் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் நிபுணர் குழு 1980-ல் சொன்னது. அதற்கு மேலும் பாதுகாப்பானதே என்றது 1997-ல் கூடிய குழு. தயாமின் போன்ற சில வைட்டமின்கள் ஓரளவு குறையும், உண்மைதான். மிக அதிக அளவில் கதிரூட்டிய தீனியைத் தின்ற பூனைகளுக்கு வாதம் கண்டதால், பூனைத் தீனிக்கு மட்டும் 2009-ல் ஆஸ்திரேலியா தடை விதித்தது. சிட்டிகையளவு மிளகுத்தூள் போடும் நம் ரசத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நமக்குக் கவலை வேறு. மண்தரையில் காய்ந்து, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மிளகாய் வற்றலைக் கதிரூட்டினால் பூஞ்சை சாகும். அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் நச்சு அப்படியே இருக்கும். பூச்சிமருந்து எச்சமும் போகாது. ஆனால் கிருமிச் சோதனையில் அந்தச் சரக்கு சுத்தமானதாகத் தேறிவிடும்! சுகாதாரத்துக்கு மாற்றாகக் கதிர்வீச்சைக் கொள்ளக் கூடாது என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் விதியே சொல்கிறது. ஆகவே, ஆலை வாசலிலேயே, கதிரூட்டும் முன்பே, ஒவ்வொரு சரக்கையும் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வெங்காய விலைக்குக் கதிரூட்டலே மருந்து என்று காட்டுவதும் சரியல்ல. மகாராஷ்டிர வெங்காயச் சந்தையான லாசல்கானில் 2002 முதல் கதிர்வீச்சு ஆலை இருக்கிறது. கதிர் முளைப்பதைத்தான் தடுக்கும்; அழுகலுக்கும் எடை இழப்புக்கும் நல்ல கிடங்கு வேண்டும். சில்லறைக் கடையில் கூறுகட்டி விற்கும் வெங்காயத்தில் பச்சை நிறக் கதிர்வீச்சு முத்திரையை யார் பார்க்கப்போகிறார்கள்? மூட்டையில் இருக்கும் அறிவிப்பைக் கடைப்பலகையிலும் எழுதவைக்க வேண்டும்.

கோபால்ட்டைக் காப்பதும் ஒரு கவலை. 2010-ல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று கழித்துக்கட்டிய பழைய காமா கருவி காயலான்கடைக்குப் போய், கோபால்ட் வெளிப்பட்டு, ஒருவர் இறந்தார். அது உணவுக்கான கருவியல்ல; கோபால்ட் அதேதான். கவனிப்பாரற்றுக் கிடந்தது பல்கலைக்கழகத்திலேயே என்றால், நொடித்துப்போகும் ஒரு சிறு ஆலையில் யார் காவல்? நிறுத்தினால் கதிர் நின்றுவிடும் எலக்ட்ரான் கற்றைக் கருவிகளுக்கு மானியத்தில் முதலிடம் தர வேண்டும். கோபால்ட்தான் வேண்டும் என்பவரிடம், அதைத் திருப்பி அனுப்ப ஆகும் செலவை உரிமம் கொடுக்கும்போதே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும்.