நெகிழ வேண்டியது நேரம், தரம் அன்று

செவிலியர் கல்வியில் 'நெகிழ்வுக் கற்றல்' என்ற சொல் இப்போது அதிகம் பேசப்படுகிறது. செய்முறைத் திறன்களை மருத்துவமனை வார்டில் மட்டுமன்றி, மனித உருவப் பொம்மைகள் கொண்ட திறன் ஆய்வகத்திலும், காணொலிகள் வழியாகவும், தமக்கு இயன்ற நேரத்திலும் வேகத்திலும் மாணவர்கள் கற்கலாம் என்பதே இதன் பொருள். கரோனா காலத்தில் பல நாடுகளில் வார்டுப் பயிற்சி தடைபட்டபோது இதன் தேவை நன்கு உணரப்பட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டமும் திறன் ஆய்வகப் பயிற்சிக்கு இடமளித்துள்ளது.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். செவிலியர் பயிற்றுநராகப் பணியாற்றியதால் வார்டுப் பயிற்சியின் குறைகளை அறிவேன். ஒரு மாணவி சிறுநீர்க் குழாய் பொருத்த, பத்துப் பேர் எட்டிப் பார்ப்பர். நோயாளியின் கூச்சத்தையும் வலியையும் கருதினால் இன்னொருவருக்கு வாய்ப்பளிக்க இயலாது. பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் இரத்தப்போக்கோ, திடீர் மாரடைப்போ கால அட்டவணை பார்த்து வருவதில்லை. நான்காண்டுகளில் அவற்றை ஒருமுறையும் காணாத மாணவி, பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எதிர்கொள்ள நேரலாம். ஆய்வகத்திலோ அச்சூழலை வேண்டும்போது உருவாக்கலாம்; தவறினால் திரும்பச் செய்யலாம்; எந்த உயிருக்கும் ஊறில்லை.

இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய அமைப்பு 10 கல்லூரிகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. வார்டுப் பயிற்சியில் பாதி நேரத்தை மாதிரிச் சூழலில் கழித்தவர்களும் வழக்கமான முறையில் பயின்றவர்களுக்குத் திறனில் குறைந்தவர்களாக இல்லை என்றது அது. பிரிட்டனில் செவிலியர் தகுதிக்குத் தேவையான 2,300 மணி நேரச் செய்முறைப் பயிற்சியில் 600 மணி நேரம் வரை மாதிரிச் சூழலில் பெற அனுமதி உண்டு.

ஆனால், இந்த எண்களை எடுத்துக்காட்டுவோர் ஒரு நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். அமெரிக்க ஆய்வில் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தனர். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னரும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்ற கலந்துரையாடல் நிகழ்ந்தது. பொம்மை தவறைப் பொறுத்துக்கொள்ளும். தவறு ஏன் நேர்ந்தது என்பதை விளக்க ஆசிரியர் வேண்டும்.

நம் நாட்டில் எனக்குள்ள அச்சம் இதுவே. போதிய நோயாளிகளைக் காட்ட இயலாத கல்லூரிகளுக்கு 'நெகிழ்வு' என்பது வசதியான சாக்காகிவிடக் கூடாது. உறை பிரிக்கப்படாத பொம்மைகளுடன், ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் ஆய்வகத்தையும், செய்யாத செய்முறைகளுக்குக் கையொப்பம் இடப்பட்ட பதிவேட்டையும் நான் கண்டதுண்டு. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை; நாளை ஊசிக்குக் கை நீட்டும் நோயாளிக்கும் தெரியப்போவதில்லை.

1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் ஆணையத்துக்கான சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் இயற்றியது. அதன்கீழ் வகுக்கப்படும் விதிகளில் மூன்று செய்திகள் தெளிவாக இடம்பெற வேண்டும். முதலாவது, திறன் ஆய்வகம் மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பயிற்றுநருடன் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, கையொப்பங்களின் எண்ணிக்கையை அன்றித் தேர்ச்சியையே கணக்கிட வேண்டும். ஒருவர் மூன்று முறையில் கற்கலாம், இன்னொருவருக்குப் பத்து முறை தேவைப்படலாம்; இறுதித் தேர்வு இருவருக்கும் ஒன்றே. மூன்றாவது, ஆய்வுக்குழு பொம்மைகளை எண்ணிவிட்டுச் செல்லாமல், மாணவர் சிலரை அழைத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

ஆய்வகம் வார்டுக்கான வாயிலே தவிர, மாற்று ஆகாது. வலியால் துடிப்பவரின் கையைப் பற்றவும், கலங்கி நிற்கும் உறவினருக்கு விடை சொல்லவும் எந்தப் பொம்மையும் கற்றுத்தராது. கற்கும் நேரமும் வழியும் மாணவருக்கேற்ப நெகிழட்டும். நோயாளியைத் தொடும் கைக்கு இருக்க வேண்டிய தகுதியில் மட்டும் எந்த நெகிழ்வும் கூடாது.