மான்களுக்கு யார் செலவில் தீனி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் காப்புக்காடுகளை ஒட்டிய மக்காச்சோளக் கொல்லைகள் இரவிலும் உறங்குவதில்லை. மரக்கிளையிலோ, நான்கு கம்புகளை நட்டு அதன்மேலோ கட்டிய பரணில், கைவிளக்கும் தகர டப்பாவுமாக ஒருவர் விழித்திருப்பார். புள்ளிமான்கள் இளம்பயிரை மேய்ந்துவிடாமலும், காட்டுப்பன்றிகள் தட்டையைச் சாய்த்துவிடாமலும் காப்பது அவர் வேலை.

ஏறத்தாழ அதே மாதங்களில் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் மனிதர்கள் மரத்தின்மேல் பரண் அமைத்துக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் வில்லும் அம்பும் இருக்கும். வெண்வால் மான்களை உரிமம் பெற்று வேட்டையாடும் பருவம் அது. தோற்றத்தில் இரண்டு பரண்களும் ஒன்றுதான். மானால் விளையும் நன்மை யாருக்கு, செலவு யாருக்கு என்ற கேள்விக்கு அவை தரும் விடைகள்தான் நேர்மாறானவை. வன விலங்குகளைச் சுட அனுமதி வேண்டும் என்ற குரல் விவசாயிகளிடையே வலுத்துவரும் நேரத்தில், இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசியம்.

கட்டுப்பாடற்ற வணிக வேட்டையால் 1900-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வெண்வால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கின. இன்று அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி என மதிப்பிடப்படுகிறது. இடையில் நடந்தது, வேட்டையை வருவாயாக்கிய ஓர் ஏற்பாடு. 1937-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வன விலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. 1972-இல் வில், அம்பு மீதும் அதே நோக்கத்துக்காக 11 சதவீத வரி விதிக்கப்பட்டது. உரிமக் கட்டணமும் மாநில வன விலங்குத் துறைகளுக்கே செல்கிறது. வேட்டையாடிய மானின் இறைச்சியை உண்ணலாம். சந்தையில் விற்க முடியாது. மானை விரும்புபவரே மானுக்கான செலவையும் ஏற்கிறார்.

அதே 1972-இல் இந்தியா வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. வன விலங்கு அரசின் உடைமை என்றது. புள்ளிமான் இன்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அழிவின் விளிம்பில் நின்ற பல உயிரினங்கள் பிழைத்ததற்கு இச்சட்டமே காரணம். அதைத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

ஆனால், உடைமையாளர் அரசு என்றால் பராமரிப்புச் செலவு யாருடையது? கொள்கை வகுப்போர் இக்கேள்வியைத் தொடர்ந்து தவிர்த்து வருகின்றனர். மான் வாழ்வதால் கிடைக்கும் நிறைவு நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது. அதன் தீனிச் செலவோ காட்டோரத்து மானாவாரி விவசாயி ஒருவரின் தலையில் விழுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஊர்மொழியில் சொன்னால், ஊருக்குப் பெருமை, ஒருவருக்குச் சுமை.

சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பருவத்தில் 60 இரவுகள் காவல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 300 ரூபாய் என்று குறைவாகவே மதிப்பிட்டாலும் 18,000 ரூபாய் ஆகிறது. 2025-26-ஆம் ஆண்டுக்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆக, ஏழரை குவிண்டால் விளைச்சல் காவலுக்கே போய்விடுகிறது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு இது சிறு தொகை அன்று.

இழப்பீட்டு முறையின் முரண்பாடும் இங்கேதான் இருக்கிறது. இழப்பீடு அழிந்த பயிருக்குத் தரப்படுவது. விழித்திருந்து பயிரைக் காத்தவருக்கு அதில் எதுவும் இல்லை. உறங்கியவருக்கு ஓரளவு நிவாரணம், உறங்காதவருக்கு வெறுங்கை என்ற முறை, பொறுமையிழந்தவரைச் சட்டவிரோத மின்வேலியை நோக்கித் தள்ளுகிறது. அந்த வேலியில் மானும் சாகிறது, மனிதரும் சாகிறார்.

அப்படியானால் அமெரிக்காவைப்போல் வில்லைக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த வழி இங்கே பொருந்தாது. இவ்விரு மாவட்டங்களின் காடுகள் ஊர்களுக்கும் வயல்களுக்கும் சாலைகளுக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடப்பவை. கோடையில் தண்ணீர் தேடி வரும் மான்கள் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் விழுகின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன, தெருநாய்களிடம் சிக்குகின்றன. முறையான கணக்கெடுப்பு இல்லாமல் எத்தனை மான்களைக் கொல்லலாம் என்று எவரும் முடிவு செய்ய இயலாது. மான்கறிக்குக் கள்ளச்சந்தை இருக்கும் நாட்டில், அனுமதி பெற்ற ஒரு வேட்டை அனுமதியற்ற பத்து வேட்டைகளுக்குத் திரையாகிவிடும்.

விதிவிலக்குக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. பயிர் உள்ளிட்ட உடைமைக்கு ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட, தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணங்களைப் பதிவு செய்து எழுத்து மூலம் அனுமதிக்கலாம் என்கிறது 11-ஆவது பிரிவு. காட்டுப்பன்றிகள் குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறையும் இதையொட்டியதே. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். அளவான ஏற்பாடுதான். எனினும், காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு இதனால் கிடைக்கும் நிவாரணம் மிகக் குறைவு. அதில் மான் இடம்பெறவும் இல்லை.

பயிர்க் காப்பீட்டில் ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. வன விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்தைப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாகவும், 2026 காரிப் பருவம் முதல் இது நடைமுறைக்கு வரும் என்றும் மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசுகளே அறிவிக்க வேண்டும். தமிழக அரசின் பட்டியலில் புள்ளிமானும், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களும் இடம்பெற வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் இடக்குறியீட்டுடன் கூடிய படத்துடன் செயலியில் பதிவு செய்ய வேண்டும். மழைக்கும் வெள்ளத்துக்கும் இது சரி. மான் ஓரிரவில் வயலை அழிப்பதில்லை. பல இரவுகள் வந்து சிறிது சிறிதாக மேய்கிறது. எந்த இரவிலிருந்து 72 மணி நேரத்தை எண்ணுவது? ஆவணமின்றி வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் எதைப் பதிவேற்றுவார்? ஊராட்சி, வேளாண் துறை, வனத்துறை மூன்றும் சேர்ந்து பருவத்துக்கு இருமுறை வயலாய்வு செய்து, அதன் அடிப்படையில் இழப்பை முடிவு செய்வதே நியாயமாக இருக்கும்.

இவற்றைவிட முதன்மையானது, காவலுக்கு ஊதியம். காட்டோரக் கிராமங்களில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பருவகாலக் காவலர்களை அமர்த்தவும், அக்கூலியை வனத்துறை நிதியிலிருந்து வழங்கவும் ஒரு திட்டம் வேண்டும். முதலில் ஒன்றியத்துக்குச் சில கிராமங்களில் தொடங்கிப் பார்க்கலாம். கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர், காட்டுக்குள் கோடைக்கால நீர்த்தொட்டி, காட்டெல்லையில் அகழி ஆகியவற்றை ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்துடன் இணைக்கலாம். இவற்றால் பயிரும் பிழைக்கும், மானும் பிழைக்கும்.

பரண் நமக்குப் புதிதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் பரண்மீதிருந்தே கிளி ஓட்டினர். அன்றைய குறிஞ்சி நிலத்தாரிடம் காக்கப் பரணும், வேட்டையாட வில்லும் இருந்தன. பொதுநன்மை கருதி வில்லைச் சட்டம் வாங்கிக்கொண்டது, அது சரியே. பரணை மட்டும் விவசாயியிடமே விட்டுவிட்டு, அதில் அவர் விழித்திருக்கும் இரவுகளுக்கு விலை இல்லை என்று சொல்வது சரியன்று. மானைக் காப்பது அரசின் கடமையென்றால், அந்த மானிடமிருந்து பயிரைக் காப்பவருக்குக் கூலி கொடுப்பதும் அந்தக் கடமையில் அடக்கம்.