ரிலேவை பைபாஸ் செய்யாதீர்கள்

இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் உருவானது கோவையில். இன்றும் நாட்டின் பம்பு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தினுடையது. அங்கேகூடச் சில தொழிற்கூடங்களில் பேனல் போர்டைத் திறந்தால் மனம் பதைக்கிறது. மோட்டாரைக் காக்க வைத்த எலக்ட்ரானிக் ரிலேவின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயர் இணைத்திருக்கும். ரிலேவில் விளக்கு எரியும், பாதுகாப்பு இருக்காது.

அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதுதான் சொல்லப்படும் காரணம். உற்பத்தி நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் ஆப்பரேட்டர். அவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. ஆனால் ரிலே காரணமில்லாமல் டிரிப் ஆவது அபூர்வம்.

ஓடிக்கொண்டிருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால் அது உடனே நிற்பதில்லை. மிச்சமுள்ள இரண்டு லைன்களிலும் சுமார் 1.73 மடங்கு ஆம்பியர் இழுத்து, உறுமியபடியே ஓடும். நின்றிருந்த மோட்டார் என்றால் சுற்றாமலே சூடேறும். ஃபேஸ்களுக்கு இடையே வோல்டேஜ் 3.5% ஏறுமாறாக இருந்தாலே வெப்ப உயர்வு ஏறத்தாழ 25% கூடிவிடும். காயில் தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் தொழிலின் பழைய கணக்கு.

தொட்டி வற்றி பம்பு வெறுமனே ஓடும்போது நிலைமை நேர்மாறு. சுமை குறைவதால் ஓவர்லோடு ரிலேவுக்கு அது தெரியவே தெரியாது. குளிர்விக்கத் தண்ணீர் இல்லாத மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களில் கருகிவிடும். ஆம்பியர் இறங்குவதைக் கண்டு நிறுத்தும் டிரை ரன் ரிலேக்கள் உண்டு. சின்ன பம்புக்குப் பெரிய மோட்டாரைப் பூட்டியிருந்தால் ஆம்பியர் அவ்வளவாக இறங்காது; அங்கே பவர் ஃபேக்டரையோ கிலோவாட்டையோ அளக்கும் ரிலேதான் நம்பகமானது. அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்செலவல்ல.

நல்ல ரிலே இருந்தும் பலர் கோட்டைவிடுவது செட்டிங்கில். 415 வோல்ட்டில் ஓடும் 10 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 14 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே பெரும்பாலும் லைனில் இல்லாமல் காயிலுக்குப் போகும் வழியில் இருக்கும். அப்போது டயலை நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரில் 0.58 பங்குக்கு, அதாவது 8-க்குச் சற்று மேலே வைக்க வேண்டும். நேம் பிளேட்டைப் பார்த்து 14-இல் திருப்பிவிட்டால், மோட்டார் 70% கூடுதல் சுமை இழுத்தாலும் ரிலே அசையாது. காயில் எரிந்த பிறகு பழி மோட்டார் கம்பெனி மீது விழும்.

கடைசி டிரிப் எதனால் வந்தது என்பதைப் பதிந்து வைத்துக் காட்டும் ரிலேக்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதைப் படிக்க ஆப்பரேட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவர் கண்டு சொன்ன கோளாறைச் சரிசெய்யும்வரை பம்பை நிறுத்திவைக்க அனுமதிப்பதும் முதலாளிகளின் பொறுப்பு. இந்த வாரமே பேனலைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஒயர் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.