9.8 எங்கிருந்து வந்தது?



கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் சோதனை தனி ஊசல். நூல், உலோகக் குண்டு, அளவுகோல், நிறுத்துக் கடிகாரம், இவ்வளவே கருவிகள். ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். பதினோராம் வகுப்பிலேயே நீங்கள் சந்திக்கும் சோதனைதான் இது.

சென்ற ஆண்டு எட்டுக் குழுக்கள் இதைச் செய்தன. ஏழு குழுக்களின் விடை அச்சடித்தாற்போல் 9.8. எட்டாவது குழுவில் ஒரு மாணவியின் ஏட்டில் முதலில் எழுதிய விடை ரப்பரால் அழிக்கப்பட்டு, அதன்மேல் 9.8 என்று எழுதப்பட்டிருந்தது.

"அழித்த எண் என்னம்மா?" என்று கேட்டேன்.

"9.49 சார். தப்பா வந்துடுச்சு" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அவளுடைய அளவீடுகளைப் பார்த்தேன். நீளம் 60 செ.மீ.; 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 31.6 விநாடி. கணக்கில் பிழை இல்லை. கடிகாரத்தையும் சரியாகவே நிறுத்தியிருக்கிறாள். அப்படியானால் பிழை எங்கே? ஊசலை மீண்டும் தொங்கவிட்டு இருவரும் பார்த்தோம். அவள் நூலை மட்டுமே அளந்திருக்கிறாள். குண்டின் கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் சேர்க்கவில்லை. அவை இரண்டும் சேர்ந்து 2 செ.மீ. இருந்தன. 60-க்குப் பதிலாக 62 என்று போட்டதும் விடை 9.8 ஆயிற்று. ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவு என்பதை இனி அவள் ஒருநாளும் மறக்க மாட்டாள்.

மற்ற ஏழு குழுக்களில் இரண்டு குழுவினர், விடையை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரத்தை நிரப்பியதாக ஒப்புக்கொண்டனர். ஏன் என்று கேட்டேன். "ரிசல்ட் சரியா வந்தாத்தானே சார் மார்க்கு?" என்றார் ஒருவர்.

அந்த மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. நாம் எதற்கு மதிப்பெண் கொடுத்தோமோ அதைத்தான் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

குவிலென்சைக் கொண்டு மெழுகுவர்த்திச் சுடரின் பிம்பத்தைத் திரையில் வீழ்த்தும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். சுடர், லென்சு, திரை மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் பிம்பம் திரையைவிட்டுப் போய்விடும். கல்வியும் அப்படித்தான். பாடத்திட்டம், கற்பித்தல், தேர்வு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பாடத்திட்டம் "உற்றுநோக்கு, சிந்தி" என்கிறது. தேர்வோ "நினைவில் வைத்து எழுது" என்கிறது. இடையில் நிற்கும் ஆசிரியர் எதன் பக்கம் சாய்வார்? தேர்வின் பக்கமே சாய்வார். பெற்றோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. பதினோராம் வகுப்பிற்குப் பொதுத்தேர்வு இல்லாதிருந்த காலத்தில், பல பள்ளிகள் அவ்வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. இயக்கவியல், அலைவுகள், வெப்பவியல் எல்லாம் பதினோராம் வகுப்பில் உள்ளவை. அடித்தளமின்றி மாடி கட்டினார்கள்! 2017-இல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் வழியாக நடந்தபோது, அத்தேர்வில் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற பலர் திகைத்து நின்றார்கள். உழைக்கத் தவறியதால் அல்ல. அவர்களுடைய உழைப்பு வேறொரு கோட்டில் இருந்ததால்.

அதன்பின் 2018 மார்ச் முதல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-19-இல் புதிய பாடநூல்களும் வரத் தொடங்கின. 2025-26 கல்வியாண்டிலிருந்து அப்பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. மாணவர்களின் சுமை குறைவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஊசலும் இயக்கவியலும் மீண்டும் ஒதுக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு. பொதுத்தேர்வு இல்லாவிட்டால் பாடமும் இல்லை என்ற வழக்கம் திரும்பக் கூடாது.

"அப்படியானால் வினாத்தாளை உடனே கடினமாக்கிவிடலாமே" என்று சிலர் கூறுவர். நான் இதை ஏற்கமாட்டேன். பாடநூலின் பின்பக்க வினாக்களைப் படித்துத் தேர்ச்சி பெற்று, தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளை ஆண்டுதோறும் என் வகுப்பில் காண்கிறேன். கற்பிக்கும் முறையை மாற்றாமல் தேர்வை மட்டும் மாற்றினால் முதலில் அடிபடுபவர்கள் அவர்களே. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் எப்படியும் தப்பித்துக்கொள்வார்கள். ஆகவே மூன்றும் சேர்ந்தே நகர வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்? செய்முறைத் தேர்விலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் 100 மதிப்பெண்ணில் செய்முறைக்கு 20 இருக்கிறது. அதில் 5 மதிப்பெண்ணை, "என் விடை ஏன் இவ்வளவு விலகியது?" என்று மாணவர் எழுதும் விளக்கத்திற்கு ஒதுக்கலாம். அப்போது 9.49 என்று நேர்மையாக எழுதியவர் எதையும் இழக்கமாட்டார், 9.8 என்று கற்பனை செய்தவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. அந்த 5 மதிப்பெண்ணுக்காகவாவது ஆசிரியர் ஆய்வகத்தைத் திறப்பார். எழுத்துத் தேர்வில் நூலில் இல்லாத வினாக்களை ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சேர்க்கலாம். ஆனால் அவற்றின் மாதிரிகள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றை நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும்.

இவையெல்லாம் பெரியவர்கள் செய்ய வேண்டியவை. நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வேண்டுமென்றே நூலின் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு, 40, 60, 80, 100 செ.மீ. நீளங்களுக்கு அலைவு நேரத்தைக் காணுங்கள். அலைவு நேரத்தின் இருமடியைக் கிடை அச்சிலும் நீளத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு கிடைக்கும், ஆனால் அது ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாது. நீள அச்சை அது பூச்சியத்திற்குக் கீழே எவ்வளவு தொலைவில் வெட்டுகிறதோ, அதுதான் நீங்கள் அளக்காமல் விட்ட நீளம்!

உங்கள் பிழையை உங்கள் வரைபடமே காட்டிக்கொடுக்கும். அதை அழிக்காமல் அப்படியே ஆசிரியரிடம் காட்டுங்கள்.