வாழைப்பழம் வேண்டாம்



ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் தி.நகரில் வீட்டுக்கு வீடு துணிக்கடைப் பைதான். ரங்கநாதன் தெருவில் வாங்கிய புதுச் சட்டையைப் பிரித்தால் குண்டூசி, காலர் கிளிப், விலைச்சீட்டு எல்லாம் தரையில் விழும். வீட்டில் நாலு மாத நாய்க்குட்டி இருந்தால், நாம் குனிவதற்குள் அது வேலையை முடித்திருக்கும். பால்பல் விழுந்து முளைக்கிற வயது, கண்டதையும் கடிக்கும்.

"ரெண்டு வாழைப்பழம் குடு, தானா வந்துடும்" என்பார் பாட்டி. காசை விழுங்கிய பேரனுக்குப் பார்த்த வைத்தியம் அது. குட்டிக்கு வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் மயக்கமருந்து கொடுப்பதும், எண்டோஸ்கோபியில் பொருளை எடுப்பதும் சிரமம். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது அதைவிட மோசம். உப்பே விஷமாகி வலிப்பு வரலாம். ஊசி மேலே வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கலாம்.

என்னைக் கேட்டால், ஊசியைவிட நூலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கழற்றிப் போட்ட மல்லிகைச் சரத்தைக் குட்டி அப்படியே விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குவதுபோல் குடல் சுருங்கி மடியும். நூல் அதன் சுவரையே அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

எதை விழுங்கியது, எப்போது விழுங்கியது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார். மிச்சத் துண்டு கிடந்தால் எடுத்துப் போங்கள். உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும். துணியும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் தேவைப்படும். ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். மாங்கொட்டையோ நாள்கணக்கில் இரைப்பையில் சும்மா கிடந்துவிட்டு, பிறகு குடலை அடைக்கும். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டாலும், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமை, வயிற்றைத் தொட்டால் முனகல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது வேப்பேரியில் இருக்கிறது. பனகல் பூங்காவிலிருந்து சாயங்கால நெரிசலில் அங்கே போய்ச் சேரும் அழகை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அதனால் பக்கத்தில் உள்ள மருத்துவரின் எண்ணையும், ராத்திரியில் எங்கே பார்ப்பார்கள் என்பதையும் இன்றைக்கே விசாரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

உங்கள் வீட்டுக் குட்டி எதையெல்லாம் விழுங்கியது என்று எழுதுங்கள். செருப்புக் கதைகள் மட்டும் வேண்டாம். அவை எங்களிடமே நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்