கைமாறும் கோழியும் சங்கத்தின் கடமையும்

கோழி வளர்க்கத் தொடங்குவோர் அனைவரும் கேட்கும் முதற்கேள்வி, “நல்ல கோழி எங்கே கிடைக்கும்?” என்பதே. “பெருகிய கோழியை எங்கே கொடுப்பது? வளர்க்க இயலாத நாளில் யார் வீட்டில் விடுவது?” என்று முன்கூட்டியே கேட்போர் மிக அரியர். தென்காசி வட்டாரத்தில் புறக்கடைக் கோழி வளர்ப்பில் நேரும் நஷ்டங்களிற் பல, இந்த இரண்டாவது கேள்வியைக் கேளாமையால் விளைவன என்பது எமது கருத்து. அதனை அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைப்பதும், இவ்விஷயத்தில் நமது சங்கங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் குற்றாலத்திற்குத் திரளான ஜனங்களைக் கொண்டுவருகின்றன. அதே சாரல் நெசவாளி வீட்டில் நூலை ஈரமாக்குகிறது. குழித்தறியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு விரிக்க வெயில் கிடைப்பதில்லை. விவசாயிக்கோ அது நாற்றும் நடவுமாகிய செலவுக் காலம். இத்தகைய நாட்களில் கொல்லையில் மேயும் நாலு கோழி செய்யும் உதவியைச் சிறிதென்று எண்ணலாகாது. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிலேயே தங்குவது. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், அவசர மருந்துச் செலவும், சில வீடுகளில் சங்கத்திற்குச் செலுத்தும் சேமிப்புத் தொகையும் அதிலிருந்தே வருகின்றன. ஆகவே கோழியில் வரும் நஷ்டம், குடும்பத்தில் வேறு வருமானம் இல்லாத ஒருத்தியின் கையிருப்பில் விழும் நஷ்டமாகும்.

ஐந்து அறுபதாகும் கணக்கு

நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டை வரை, மூன்று நான்கு ஈடுகளாக இடும். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு வெளிப்படும். ஒரு சேவலும் நான்கு பெட்டையுமாக ஒருவர் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டையும் ஆண்டில் மூன்று முறை அடைகிடந்து, ஒவ்வொரு முறையும் ஐந்து குஞ்சுகளே பிழைத்தாலும், ஆண்டு முடிவில் 60 புதுக்கோழிகள் முற்றத்தில் நிற்கும். அவற்றிற் பாதி சேவல்களாக இருக்கும். ஒரு முற்றத்திற்கு வேண்டியது ஒரு சேவல். எஞ்சியவை ஒன்றையொன்று கொத்திக் குருதி சிந்தும். இரவுத் தங்கலுக்கு வளர்ந்த கோழி ஒன்றிற்கு ஒரு சதுர அடியேனும் வேண்டும். ஐந்திற்குக் கட்டிய கூட்டில் இருபதை அடைத்தால் செள்ளும் கழிச்சலும் தாமே வந்து சேரும்.

ஆகையால் வளர்க்கத் தெரியாதவர் மட்டுமல்லர், நன்றாக வளர்த்தவரும் ஓராண்டிற்குள் கோழியைக் கைமாற்றியே தீரவேண்டும். அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் ஆதரவற்ற ஏழைப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் வழங்கியது. நோக்கம் மிக நல்லது. ஆயினும் முன்பு கோழி வளர்த்திராத ஒருத்தி நாற்பதோடு தொடங்கும்போது, நான்கைந்து மாதங்களில் அவற்றைக் கொடுக்கும் இடத்தை அவளுக்குக் காட்டுவாரும் வேண்டும். அவ்விடம் தெரியாவிட்டால், வாசலில் வந்து நிற்கும் முதல் வியாபாரி சொன்னதே விலையாகிவிடும்.

சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்து விற்கப்படும் குஞ்சுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். இவற்றிற் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாமெனக் கழிக்கப்பட்ட சேவற்குஞ்சுகள். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 95 பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். தாயின் இறக்கையோ விளக்கின் சூடோ இல்லாமல் சாரற்காற்றில் அது தாங்காது. குழந்தை அழுகிறதென்று வாங்கிக் கொடுப்பது, மறுநாள் குழந்தையை அதிகமாய் அழவைப்பதற்கே வழியாகும்.

ஈமு கற்பித்த பாடம்

“கோழியை எங்கே கொடுப்பது?” என்ற கேள்விக்குச் சங்கங்கள் விடை சொல்லாத இடத்தில், வேறு சிலர் விடை சொல்ல வருவர். 2012ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு நடந்த ஈமு கோழி விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். “நீங்கள் முன்பணம் கட்டுங்கள், பறவையும் தீனியும் தருகிறோம், மாதந்தோறும் பணம் கொடுத்து, முடிவில் பறவையை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்” என்பதே அவர்கள் கூறிய வாக்கு. நிறுவனங்கள் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்புத்தொகை போயிற்று. கொட்டில்களிற் பட்டினி நின்ற பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போடவேண்டி வந்தது. அவற்றை வாங்குவாரும் இல்லை, வளர்ப்பாரும் இல்லை. இன்று நாட்டுக்கோழியின் பேரிலோ வான்கோழியின் பேரிலோ எவரேனும் முன்பணம் கேட்டு, “திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்று வந்தால், அங்கத்தினர்கள் பெருந்துறையை நினைத்துக்கொள்வார்களாக.

கோழியோடு நோயும் கைமாறுதல்

விலை குறைவது ஒரு நஷ்டம். நோய் பரவுவது அதனினும் பெரிது. நம்மவர் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் ராணிகேத் நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்திலுள்ள நியூகாசிலிலும் முதலில் அறியப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவோன் மலையிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே நம் நாட்டில் பெற்றது. வந்தபின் இதற்கு மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், இதற்கென இலவச முகாம் நடத்துகிறது.

இருந்தும் நோய் ஏன் ஊர் ஊராகப் பரவுகிறது? ஒரு வீட்டில் இரண்டு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தவுடன், மீதியை அன்று மாலையே வந்த விலைக்குத் தள்ளிவிடுவது மனித இயல்பு. அக்கோழி சந்தைக்குப் போகிறது; அங்கிருந்து வேறொரு தொடக்கக்காரர் மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்கிப் போகிறார். வாங்கிய கோழி ஒன்று, முற்றத்தில் ஏற்கெனவே நின்ற பத்தையும் கொண்டுபோகிறது. பிழைப்புக்காகக் குடும்பத்தோடு திருப்பூருக்கோ கேரளத்திற்கோ புறப்படுவோர், தம் கோழிகளை ஒரே இரவில் தெருவிலுள்ள நாலைந்து வீடுகளுக்குப் பகிர்ந்துவிட்டுப் போவதும் உண்டு. கொடுத்தவர் மனத்தில் அன்பே இருந்தது. ஆனால் கோழியின் உடலில் என்ன இருந்தது என்பதை எவரும் பார்க்கவில்லை.

நமது பகுதிக்கு இதில் விசேஷ எச்சரிக்கை தேவை. 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் ஆலப்புழை மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, புளியரைச் சோதனைச் சாவடியில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டதைப் பலரும் அறிவர். சாவடியில் லாரியை நிறுத்தலாம். பையில் வைத்து எடுத்துச் செல்லும் இரண்டு கோழியை யார் நிறுத்துவது? அதை நிறுத்த வல்லது, வாங்குவோரின் அறிவும் ஊரின் கட்டுப்பாடுமே.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. புதிதாக வந்த கோழி எதுவாயினும் 21 நாட்கள் தனிக்கூட்டில், தனிப் பாத்திரத்தில் இருக்கவேண்டும். ராணிகேத் நோய் உடலில் மறைந்திருக்கக்கூடிய காலம் 21 நாள் என்றே உலகக் கால்நடை நல அமைப்பு வரையறுத்துள்ளது. முட்டை குஞ்சாவதற்கு 21 நாள். வந்த கோழி வீட்டுக்கோழியாவதற்கும் 21 நாள். இவ்வளவு நினைவில் வைத்தாலே போதும். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பின்னரே புதியதை அணுகவேண்டும்.

பழைய வாரமுறையின் நன்மையும் குறையும்

கைமாற்றுவதற்கு நம் கிராமங்களில் ஒரு பழைய வழி இருக்கிறது. கோழி உடையவள், இல்லாதவளிடம் ஒரு பெட்டையை வாரத்திற்கு விடுவாள். வளர்ப்பவள் தீனி போட்டு அடைவைத்துக் குஞ்சு இறக்குவாள். குஞ்சுகள் பாதிக்குப் பாதி, தாய்க்கோழி உடையவளுக்கே. முதல் இல்லாதவளுக்கு முதலும், இடம் இல்லாதவளுக்கு இடமும் இதனால் கிடைத்தன. கூட்டுறவு என்ற சொல் அச்சேறுவதற்கு முன்பே நடந்த கூட்டுறவு இது.

ஆயின் இம்முறைக்குக் குறையும் உண்டு. அது உறவும் அறிமுகமும் உள்ள வீடுகளுக்குள்ளேயே நடப்பது. ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கும், பேச ஆளில்லாத விதவைக்கும் அது எட்டுவதில்லை. கோழி செத்தால் யாருக்கு நஷ்டம் என்பதில் மனஸ்தாபம் எழுவதும் உண்டு. தடுப்பு மருந்து போட்டதா என்று கேட்கும் பழக்கம் அதில் இல்லை. நல்ல வழக்கத்தைக் கைவிடாமல் அதன் குறையை நீக்குவதற்கே சங்கம் வேண்டியிருக்கிறது.

சங்கங்கள் செய்யத்தக்கது

எமது யோசனை எளியது. ஒவ்வொரு சங்கமும் ஒரு கோழிப் பதிவேடு வைக்கலாம். கொடுக்க விரும்பும் அங்கத்தினர், கோழியின் எண்ணிக்கை, வயது, தடுப்பு மருந்து போட்ட தேதி, கொடுக்கும் முறை ஆகியவற்றை அதில் எழுதுவிக்க வேண்டும். விலைக்கா, வாரத்திற்கா, இனாமா என்பது தெளிவாக இருக்கவேண்டும். வாரமாயின், கோழி இறந்தால் யார் பொறுப்பு என்பதையும் இருவர் ஒப்புதலோடு ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம். சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவலாயின் அதனையும் குறித்தால் பின்னால் வம்பில்லை. பெற விரும்புவோரின் பெயர்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். முன்பு கோழி இல்லாத வீட்டிற்கு முதலிடம் தரலாம்.

இரண்டாவதாக, சங்க அலுவலகத்தில் ஒரு தராசு வேண்டும். ஆடி மாதக் குற்றாலப் பருவத்தில் பிரானூர் எல்லைக் கடைகளுக்கு நாட்டுக்கோழி தேவைப்படுகிறது. கோயில் கொடைக் காலங்களிலும் விலை ஏறும். புரட்டாசியிலும், மாலை அணியும் கார்த்திகை, மார்கழியிலும் இறங்கும். பத்து வீட்டுக் கோழிகளை ஒரே நாளில் எடைபோட்டு, ஏறும் காலத்தில் விற்றால், தனியொருத்தி வாசலில் கண்மதிப்பாகக் கொடுப்பதைவிட நியாயமான விலை கிடைக்கும்.

மூன்றாவதாக, ஒரு வீட்டில் கழிச்சல் கண்டால் அத்தெருவின் கோழி எதுவும் 21 நாட்களுக்குக் கைமாறாது என்று பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கால்நடை மருந்தகத்திற்குத் தகவல் சொல்வதும், இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதும் அத்தீர்மானத்தின் பகுதியாகட்டும். கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகச் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் வழக்கமும் ஒழியவேண்டும். தேவையற்ற துன்பம் தரும் விதத்தில் பிராணிகளைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காற்றோட்டமுள்ள கூடை ஒன்று போதும்.

“நூல் கொடுத்துத் துணி வாங்கும் சங்கத்திற்குக் கோழி எதற்கு? தணிக்கையில் கேள்வி வராதா?” என்று நிர்வாகிகள் சிலர் கேட்கக்கூடும். சங்கப் பணத்தில் கோழி வாங்கினால் கேள்வி வரும், வரவும் வேண்டும். நாம் சொல்வது அதுவன்று. சங்கம் முதல் போடுவதில்லை, கடன் கொடுப்பதில்லை, கோழிக்கு உடைமையாவதுமில்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரு அங்கத்தினரை ஓர் ஏட்டில் அறிமுகப்படுத்துவதே அதன் வேலை. மத்தியப் பிரதேசத்தில் கேஸ்லா வட்டாரப் பழங்குடிப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பெரிய அளவிலேயே கோழி வளர்த்து விற்றுக் காட்டியிருக்கிறார்கள். நாம் கேட்பது அதில் நூற்றிலொரு பங்கு முயற்சியே.

தொடங்குவோருக்குச் சில சொற்கள்

ஐந்து கோழிக்கு மேல் தொடங்கவேண்டா. கடன் வாங்கித் தொடங்கவேண்டா. சாரற்காலத்திற்கு முன், பங்குனி அல்லது சித்திரையில் தொடங்கினால், ஈரத்தில் வரும் இரத்தக் கழிச்சலுக்குக் குஞ்சுகள் அதிகம் ஆளாகா. கூட்டின் தரை மண்ணிலிருந்து உயர்ந்திருக்கட்டும். கதவு கீரிக்கும் மரநாய்க்கும் இடங்கொடாதிருக்கட்டும். நொய், தவிடு, கம்பு இவற்றோடு, பானையில் சாணமும் சாக்கும் இட்டுக் கவிழ்த்துப் பிடிக்கும் கரையான் குஞ்சுகளுக்கு நல்ல உணவு. நெசவாளர் வீடுகளில் நூற்கழிவைக் கூட்டி அகற்றவேண்டும்; அது கோழியின் காலிற் சுற்றி இறுக்கும், இரைப்பையிலும் அடைக்கும். குற்றால மலைச்சாரலில் காணும் காட்டுக்கோழியையோ அதன் முட்டையையோ தொடலாகாது. அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை.

எல்லாவற்றிற்கும் மேலாக, முதற்கோழியை வாங்குமுன்பே, அது பெருகினால் பெற்றுக்கொள்ளும் இரண்டு வீடுகளின் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லையாயின் சங்கத்திற்கு வந்து கேளுங்கள். கேட்கும்போது காட்டுவதற்குச் சங்கத்திடம் ஓர் ஏடு இருக்கவேண்டும். நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் கூட்டுறவு வாரத்தில் அந்த ஏட்டைத் தொடங்கினால், பிப்ரவரி முகாமிற்குள் எந்தெந்த வீட்டில் எத்தனை கோழிக்கு மருந்து வேண்டும் என்ற கணக்கும் நம் கையில் இருக்கும். நிர்வாகக் குழுவினர் இதனை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் சேர்ப்பார்களாக.