பேட்டரி மேல் பழி போடாதீர்கள்!

“இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்” என்று மாமா சொன்னதும் அத்தையின் முகம் வாடிவிட்டது. அறுபதுகளின் அம்பாசடர். திருவேங்கடத்துக்கு அத்தை மருமகளாக வந்து இறங்கியதே அதில்தான்.

மாமாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி காலி. கடைசியாக, சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்த்துவிட்டு இரவில் திரும்பும்போது விளக்கு மங்கி, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது.

பார்த்தால், குற்றவாளி பேட்டரி இல்லை! வெளிச்சம் போதவில்லை என்று முகப்பு விளக்குகளில் 100 வாட் ஹாலஜன் பல்புகளை மாட்டியிருந்தார்கள்.

சின்னக் கணக்குதான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 45 வாட் பல்பு இரண்டுக்கு ஏழரை ஆம்பியர். 100 வாட் இரண்டுக்குக் கிட்டத்தட்ட 17. அந்தக் காலத்து டைனமோ வேகமாகச் சுற்றினாலே 20 ஆம்பியர் சுமாருக்குத்தான் தரும். ஐட்லிங்கில் அநேகமாக ஒன்றும் தராது. திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்தபோது வரவு இல்லை, செலவு மட்டும் 17!

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருக்கிறதா? பேட்டரி வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

* 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?
* பாடியோடு இணைவது பிளஸ்ஸா, மைனஸா? அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் ரேடியோ, மொபைல் சார்ஜர் எல்லாம் புகைந்துவிடும்.
* கையேட்டில் சொன்ன ஆம்பியர்-அவர் போதும். தட்டில் ஆடாமல் உட்கார வேண்டும்.

அடுத்து பராமரிப்பு. ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி இரவு முழுக்க ஓய்வாக இருந்தபின் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜினை வேகமாக ஓடவிட்டால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையா? பேட்டரி கடைக்கு ஓடாமல் பெல்ட், கார்பன் பிரஷ், கட்-அவுட்டைக் கவனியுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். டெர்மினலில் பூத்த உப்பை சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது எர்த் வயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடவே கூடாது.

முக்கியமாக, ஃப்யூஸ் போனால் சிகரெட் ஜிகினாத் தாளைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். வெடித்துப்போன பழைய வயர்களோடு அது சேர்ந்தால் வண்டியே எரியும்.

மாமா வண்டிக்குப் பழைய அளவு பல்பும் புது கார்பன் பிரஷ்ஷும் போட்டோம். பேட்டரியை வெளியே எடுத்து முழுக்கச் சார்ஜ் செய்தோம். முதல் சாவிக்கே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தை கேட்காமலே போய் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்!